குழந்தை எலும்புக்கூட்டின் வயதைப் பல்லில் படிப்பது எப்படி?

கேள்வி இது: அகழாய்வுக் குழியிலோ பழைய இடுகாட்டிலோ ஒரு குழந்தையின் எலும்புகள் கிடைக்கின்றன. பிறகு "இரண்டு வயது", "நாலரை வயது" என்று அறிக்கை வருகிறது. எதை வைத்துச் சொல்கிறார்கள்? தொடை எலும்பின் நீளத்தை அளந்தால் போதாதா?

போதாது. எலும்பின் நீளம் அந்தக் குழந்தை எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கிடந்தது என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லும். சிறு வயதிலேயே இறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை இறப்பதற்கு முன்பே நலிந்தவை. வயதுக்கு ஏற்ற உயரம் வளராதவை. அவற்றின் எலும்பை இன்றைய நலமான குழந்தையின் அளவுகோலில் வைத்தால் வயது குறைவாகத்தான் வரும். 2020-ல் கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டில் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தபோது செய்திகளில் 75 செ.மீ., 95 செ.மீ. என்று நீளம்தான் முதலில் வந்தது. மண்ணில் கிடக்கும் எலும்புக்கூட்டை நாடா வைத்து அளப்பது ஒரு பதிவு, அவ்வளவே. அதை அப்படியே வயதாக மாற்றிவிட முடியாது.

பல்லின் கதை வேறு. பசியும் நோயும் பல்லையும் தொடும். பல்லின் கெட்டியான வெளி உறையான எனாமலில் குறுக்குவாட்டில் பள்ளமாகவோ குழியாகவோ தழும்பு விட்டுச் செல்லும். ஆனால் பல் உருவாகும் வேகம் எலும்பு வளர்ச்சியைப்போல எளிதில் தளர்வதில்லை. இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பு லண்டனில் கிடைத்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் உள்ள கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் நிலவறையில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அடக்கம் செய்யப்பட்டவர்களை 1984 முதல் 1986 வரை அகழ்ந்தெடுத்தார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் பேர். அவர்களில் 387 பேருக்குச் சவப்பெட்டித் தகட்டில் பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் இருந்தன. குழந்தைகளும் உண்டு. தகட்டை மறைத்துவிட்டுக் கணித்து, பிறகு தகட்டோடு ஒப்பிடலாம். ஒப்பிட்டபோது, குழந்தைகளின் நீள எலும்புகள் இன்றைய குழந்தைகளைவிடக் குட்டையாக இருந்தன. பல் சொன்ன வயதோ தகட்டுக்கு அருகிலேயே நின்றது. இன்று நாம் பயன்படுத்தும் பல முறைகள் இந்த நிலவறைக் குழந்தைகளிடம் தேர்வெழுதித் தேறியவை.

பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தது பல் முளைப்பது. ஆறேழு மாதத்தில் கீழ் முன்பல், இரண்டரை வயதுக்குள் இருபது பால்பல், ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் (நிலைப்பல் என்றால் பால்பல்போல விழாமல் நிலைத்திருக்கும் பல்), பன்னிரண்டில் இரண்டாவது. ஆனால் வயது கணிப்பவர் முளைப்பதை இரண்டாம் சாட்சியாகத்தான் வைத்துக்கொள்வார். முதல் சாட்சி தாடைக்குள்ளே இருக்கும் பல். ஒவ்வொரு பல்லும் முகட்டில், அதாவது கடிக்கும் பக்கத்து மேட்டில், ஒரு புள்ளியாகக் கெட்டிப்படத் தொடங்கி, கீழ்நோக்கித் தலைப்பகுதியைக் கட்டி, பிறகு வேரை இறக்கி, கடைசியில் வேர் நுனியை மூடும். ஒரு பல்லுக்கே இது பல ஆண்டு வேலை. பால் முன்பற்கள் கருவில் 14 வாரம் அளவில் தொடங்கிவிடும். பிறக்கும்போது அவற்றின் தலைப்பகுதி பெரும்பாலும் முடிந்திருக்கும். முதல் பால் கடைவாய்ப்பல்லின் முகடுகள் இணைந்திருக்கும். இரண்டாவதன் முகடுகள் இன்னும் முழுமையாகக் கூடியிருக்காது. முதல் நிலைக் கடைவாய்ப்பல் பிறப்பை ஒட்டித் தொடங்கி, மூன்று வயதுக்குள் தலைப்பகுதியை முடித்து, ஆறில் வெளியே வந்து, ஒன்பது, பத்தில் வேரை மூடும். இரண்டாம் நிலைக் கடைவாய்ப்பல் மூன்று வயதை ஒட்டித் தொடங்கும். ஞானப்பல்லின் தொடக்கம் எட்டுக்கும் பத்துக்கும் இடையில், ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். ஆக எந்த வயதிலும் ஏதோ நான்கைந்து பற்கள் வேலை நடந்துகொண்டிருக்கும் நிலையில் இருக்கும். ஒரே கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை.

இனி கையால் செய்ய வேண்டியவை. பெரும்பாலான தவறுகள் கணக்குப் போடுவதற்கு முன்பே, குழியிலேயே நடந்துவிடுகின்றன.

கைக்குழந்தையின் பல் பல்லைப்போல இருக்காது. வேர் கிடையாது. தலைப்பகுதியும் உள்ளே கூடாக, உளுந்தின் தோலைப்போல மெல்லிய தொப்பியாக இருக்கும். பிறந்த குழந்தையின் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் தனித்தனி முகட்டுத் துண்டுகளாகவே கிடைக்கலாம். நத்தை ஓடு என்றும், சிப்பித் துணுக்கு என்றும், மீன்பல் என்றும் நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. எனவே தலையைச் சுற்றியுள்ள மண்ணை முழுவதுமாகத் தனிப் பையில் எடுத்து, ஒரு மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலிக்க வேண்டும். வழக்கமான ஐந்து மி.மீ. சல்லடை இதற்கு உதவாது. மண்டையோடு நொறுங்கியிருந்தால் மண்ணோடு சேர்த்துக் கட்டியாகவே பெயர்த்துக் கொண்டுவந்து, மேசையில் வைத்துப் பிரிப்பது நல்லது. ஈரமாக இருக்கும் பல்லை வெயிலில் காயவைக்கக் கூடாது. எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் சுருங்கி எனாமல் தனியே உரிந்துவிடும். நிழலில், மெதுவாக. பசை பூசுவதையும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மரபணுச் சோதனையோ வேதியியல் சோதனையோ செய்ய நேர்ந்தால் அந்தப் பசையே இடைஞ்சல்.

தாடையில் பதிந்திருக்கும் பல்லைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் புகைப்படமும் எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும். கோரைப்பல்லின் அரும்பு கீழ்த்தாடையின் அடிவிளிம்புக்கு அருகே ஆழத்தில் இருக்கும். பால் கடைவாய்ப்பற்கள் விழுந்த இடத்தில் வரவிருக்கும் முன்கடைவாய்ப்பற்களின் அரும்புகள் பால் கடைவாய்ப்பல் வேர்களுக்கு நடுவே இடுக்கியிருக்கும். எக்ஸ்ரே இல்லாமல் அவை இருப்பதே தெரியாது. படம் எடுக்கும்போது தாடை சற்றுச் சாய்ந்தாலும் வேர் குட்டையாகத் தெரியும். அதனால் இரண்டு கோணத்தில் எடுப்பார்கள். இன்னொன்று: கெட்டிப்படத் தொடங்கிய மெல்லிய விளிம்பு எக்ஸ்ரேயில் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு படி முன்னேறிய பல், படத்தில் ஒரு படி பின்தங்கித் தெரியலாம். எக்ஸ்ரேயில் உருவான அட்டவணையைக் கையில் உள்ள தனிப்பல்லுக்குப் பயன்படுத்தும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது, எந்தப் பல் என்று அடையாளம் சொல்வது. இங்கே இரண்டு பள்ளங்கள். விழுந்தால் வயது மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் தவறும்.

முதலாவது, இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லையும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லையும் குழப்புவது. வடிவத்தில் இரண்டும் அண்ணன் தம்பிபோல இருக்கும். முகடுகளின் அமைப்பு ஒன்றே. பால்பல் சிறியது, எனாமல் மெலிந்தது, சற்று வெளுத்தது, கழுத்து இறுகியது, கழுத்துக்கு மேலே வெளிப்பக்கம் உப்பலானது. வேர்கள் விரிந்து நிற்கும். வேர் தொடங்காத வெறும் தலைப்பகுதி கிடைத்தால் இந்த அடையாளங்களில் பாதி இருக்காது. தலைப்பகுதி அப்போதுதான் முடிந்திருக்கிறது என்று வையுங்கள். பால்பல் என்றால் ஒரு வயதுக்குச் சற்று உள்ளே; நிலைப்பல் என்றால் இரண்டரை முதல் மூன்று. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பல்லே இல்லையென்றால் இரண்டு வாய்ப்பையும் எழுதி வைப்பதே நேர்மை.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. பாதி வேர் உள்ள பால்பல் ஒன்று கிடைக்கிறது. அந்த வேர் வளர்ந்துகொண்டிருக்கிறதா, கரைந்துகொண்டிருக்கிறதா? கீழ் நடு முன்பல்லில் வேர் பாதி வளர்ந்திருந்தால் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது. பாதி கரைந்திருந்தால் ஐந்து வயதை ஒட்டி இருக்கும். வளரும் வேரின் விளிம்பு கத்திமுனைபோல மெலிந்து, வழவழப்பாக, சுற்றிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். உள்ளே குழல் புனல்போல விரிந்திருக்கும். கரையும் வேரின் விளிம்பு தடித்து, கரையான் அரித்ததுபோல் சின்னச் சின்னக் குழிகளாக இருக்கும். முன்பல்லில் நாக்குப் பக்கம்தான் முதலில் கரையும், ஏனென்றால் நிலைப்பல் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. கடைவாய்ப்பல்லில் வேர்களின் உட்புறம். மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு: மண்ணில் உடைந்த வேர். அது சொரசொரப்பாக, முறிந்த கோணத்தோடு, உள்ளே வெளிறிய புது நிறத்தோடு இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் அந்த ஒரு நிமிடம்தான் தவிர்க்கப்படுகிறது. தேய்மானமும் உதவும். ஒரு வயதுக் குழந்தையின் முன்பல் விளிம்பு புதிதாக இருக்கும்; ஐந்து வயதுக் குழந்தை, அதுவும் கல் திருகையில் அரைத்த மாவைத் தின்ற சமூகத்துக் குழந்தை என்றால், எனாமல் தேய்ந்து டென்டின் கோடாகத் தெரியும்.

முளைப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. உயிரோடிருக்கும் குழந்தையிடம் "முளைத்துவிட்டது" என்றால் ஈறைக் கிழித்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். எலும்புக்கூட்டில் ஈறு கிடையாது. எலும்பு விளிம்பைத் தாண்டியிருக்கும் பல்லை "முளைத்த பல்" என்று எழுதி, உயிருள்ள குழந்தைகளின் முளைப்பு அட்டவணையில் தேடினால் வயது பல மாதம் கூடிவிடும். எலும்பைத் தாண்டிய பல் இன்னும் ஈறுக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

இப்போது அட்டவணைகள். இன்றும் அடிப்படையாக இருப்பது மூரீஸ், ஃபேனிங், ஹன்ட் மூவரும் 1963-ல் வெளியிட்டது. முகடு தொடங்குதல், முகடுகள் சேர்தல், தலைப்பகுதி பாதி, முக்கால், முழுமை, வேர் தொடக்கம், வேர் பிரியும் இடம், கால், அரை, முக்கால், முழு வேர், நுனி பாதி மூடல், முழு மூடல் என்று ஒவ்வொரு பல்லின் பயணத்தையும் பதின்மூன்று, பதினான்கு படிகளாகப் பிரிக்கிறது. அதில் உள்ள எண்களை நேராக எடுத்துப் போடக் கூடாது. அவை ஒரு படியை அடையும் சராசரி வயதைச் சொல்கின்றன. இறந்த குழந்தையோ அந்தப் படிக்குள் நுழைந்து எவ்வளவு காலமாயிற்று என்று நமக்குத் தெரியாது. படியில் கால் வைத்த வயதையே விடையாகச் சொன்னால் எப்போதும் குறைவாகவே வரும். இந்தப் படிக்கும் அடுத்த படிக்கும் நடுப்புள்ளியை எடுக்க வேண்டும். ஹாலி ஸ்மித் 1991-ல் அந்த எண்களை இப்படி மாற்றி அமைத்துத் தந்தார்; கணிப்புக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டெமிர்ஜியன் முறை என்று இன்னொன்று அடிக்கடி காதில் விழும். 1973-ல் பிரெஞ்சு-கனடியக் குழந்தைகளைக் கொண்டு உருவானது. கீழ்த்தாடை இடப்பக்கத்து ஏழு பற்கள், எட்டு நிலைகள், மதிப்பெண் கூட்டல். பல் மருத்துவமனைகளில் வசதியானது. ஆனால் ஏழு பல்லும் வேண்டும். ஒன்று போனாலும் கூட்டல் செல்லாது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் அதைச் சோதித்து 1998-ல் வெளியான ஆய்வில் உண்மை வயதைவிட ஏறக்குறைய மூன்று ஆண்டு கூடுதலாக வந்தது. வேறு இடங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதில்லை என்றாலும், கூடுதலாகச் சொல்லும் பழக்கம் அந்த முறைக்கு உண்டு. எலும்புக்கூட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிதைந்த தாடையை வைத்துக்கொண்டு அவசரமாக ஒரு வயது வேண்டும் என்றால் 2010-ல் வந்த லண்டன் அட்லஸ் நல்லது. அல் கஹ்தானி, ஹெக்டர், லிவர்சிட்ஜ் மூவரும் 704 பேரின் பற்களைக் கொண்டு உருவாக்கிய படத்தொகுப்பு. கருவில் 28 வாரம் முதல் 23 வயது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். முளைப்பை எலும்பு விளிம்பை வைத்தே காட்டுகிறது என்பதால் மேலே சொன்ன ஈறுப் பிழை இதில் வராது. கையில் உள்ள தாடையைப் படங்களோடு வரிசையாக ஒப்பிட்டு, மிகவும் பொருந்துவதையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தனிப்பல் மட்டும் கிடைத்தால் இந்தப் படிகளில் ஒரு சிக்கல். "வேர் பாதி" என்றால் எதில் பாதி? முழுமையடைந்திருந்தால் எவ்வளவு நீளம் வந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது; ஒருவர் பாதி என்பதை மற்றவர் முக்கால் என்பார். அதனால் ஐந்து வயதுவரை பல்லின் நீளத்தையே அளக்கும் முறை உண்டு. முகட்டு நுனியிலிருந்து வளரும் விளிம்புவரை நழுவு அளவியால் (காலிப்பர்) மி.மீ.யில் அளந்து சமன்பாட்டில் போடுவார்கள். சமன்பாடுகள் 1993-ல் அதே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் குழந்தைகளிடமிருந்து வந்தவை. வளர்ந்து முடிந்த பல்லுக்கு இது செல்லாது, கரையத் தொடங்கிய பல்லுக்குச் சற்றும் செல்லாது.

ஒரு கீழ்த்தாடையை எடுத்துக்கொள்வோம். பால்பல் பத்தும் இருக்கின்றன, கடைசிப் பால் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி மூடியிருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே இல்லை என்பது இத்தோடு முடிந்தது. அதற்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் எலும்புக்குள்ளேயே இருக்கிறது, ஆறை எட்டவில்லை. எக்ஸ்ரேயில் அதன் வேர் கால் பங்கு. நிலைப்பல்லான நடு முன்பல் தலைப்பகுதி முடிந்து வேர் தொடங்குகிறது. கோரைப்பல் தலைப்பகுதி முக்கால். முதல் முன்கடைவாய்ப்பல் தலைப்பகுதி பாதியைத் தாண்டியது. இரண்டாம் நிலைக் கடைவாய்ப்பல்லின் முகடுகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனியே வயது எடுத்தால் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் கூடும். ஒரு பல் மட்டும் ஆறரை என்று சொன்னால் சராசரியில் அதைக் கரைத்துவிடாதீர்கள். அடையாளம் தவறியதா, எக்ஸ்ரே சாய்ந்ததா, வேறொரு குழந்தையின் பல் கலந்ததா என்று திரும்பிப் பாருங்கள். பலரைச் சேர்த்துப் புதைத்த குழியில் இது அடிக்கடி நடக்கும். தலைப்பகுதி பாதி மட்டுமே உள்ள முதல் நிலைக் கடைவாய்ப்பல்லும் வேர் முழுதாக மூடிய இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லும் ஒரே வாயில் இருந்திருக்க முடியாது. அங்கே இரண்டு குழந்தைகள்.

பெண் குழந்தைகளுக்குப் பல் சற்று முன்னதாக முடியும். சின்ன வயதில் வித்தியாசம் அற்பம். கோரைப்பல்லின் வேரில் மட்டும் ஒரு வருடம் அளவுக்குப் போகும். எலும்பை வைத்து ஆறு வயதுக் குழந்தை ஆணா பெண்ணா என்று நம்பகமாகச் சொல்ல இயலாது. எனாமலைச் சிறிதே அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள புரதத் துணுக்குகளில் ஆண் வகை இருக்கிறதா என்று பார்க்கும் முறை இந்தப் பத்தாண்டில் பரவியிருக்கிறது. அது இல்லாதபோது இரு பாலுக்கும் பொதுவான அட்டவணையே சரி.

மாதக்கணக்கிலும் துல்லியம் வேண்டும் என்றால் பல்லை அறுக்க வேண்டும். எனாமல் நாள்தோறும் ஒரு நுண்கோடு விட்டபடி வளர்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தடித்த கோடு ஒன்று விழும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் ஒருவரின் நிலைப்பற்களில் பெரும்பாலும் ஒன்றே. பிறப்பின் அதிர்ச்சியும் ஒரு கோடு போடும். அந்தப் பிறப்புக் கோட்டிலிருந்து எண்ணினால் இறந்தபோது எத்தனை நாள் என்று நெருங்கலாம். கோடு நன்றாகத் தெரிய, பிறந்தபின் ஒன்றிரண்டு வாரமாவது உயிரோடிருந்திருக்க வேண்டும். எனவே கோடு இருந்தால் குழந்தை உயிரோடு பிறந்து சில நாளாவது வாழ்ந்தது. கோடு இல்லை என்பதால் இறந்தே பிறந்தது என்று முடிவுகட்ட முடியாது. நீதிமன்றத்தில் இந்த வேறுபாடு உயிர்நாடி. அறுத்த பல் திரும்பி வராது என்பதால் முதலில் அச்சு எடுத்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்துவைப்பார்கள்.

எரித்த எலும்பிலும் ஓரளவு வழி உண்டு. வெளியே தெரியும் பல்லின் எனாமல் சூட்டில் வெடித்துச் சிதறும். தாடைக்குள் இருந்த அரும்புகள் எலும்பின் காப்பில் தப்பிப் பெரும்பாலும் முழுதாகக் கிடைக்கும். பெரியவர்களைவிடக் குழந்தையின் வயதே சாம்பலில் எளிதாகத் தெரியும் என்பது விந்தைதான். ஆனால் சூட்டில் பல் சுருங்கும். நீளச் சமன்பாட்டைத் தொடாமல் படிகளை மட்டும் பாருங்கள்.

அறிக்கையில் ஒற்றை எண் எழுதக் கூடாது. வயது கூடக்கூடப் பிழையும் விரியும். கைக்குழந்தையில் இரண்டு மூன்று மாதம், ஐந்து வயதில் ஏறக்குறைய ஒரு வருடம், பதின்வயதில் இரண்டு வருடம் இருபுறமும் விட வேண்டியிருக்கும். மேலே பார்த்த தாடைக்கு "மூன்றரை முதல் ஐந்தரை, நாலரையை ஒட்டி" என்று எழுதலாம். அதைவிட முக்கியமானது, எந்தப் பல், எந்தப் பக்கம், எந்தப் படி, கையில் பார்த்ததா எக்ஸ்ரேயில் பார்த்ததா, எந்த அட்டவணை என்று ஒவ்வொன்றையும் வரிசையாகப் பதிவது. எலும்புகளைத் திரும்ப அடக்கம் செய்துவிட்டால், புதிய அட்டவணையில் வயதைத் திருத்த நினைப்பவருக்குக் கையில் இருப்பது அந்தப் பட்டியல் மட்டும்தான்.